சிங்கப்பூரா, ஜொகூரா? சம்பளத்துக்கு முன்னால் பாஸைப் பாருங்கள்

தேவகோட்டைத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 31, சென்னைப் பக்கம் ஓர் ஆலையில் தரக்கட்டுப்பாட்டு இன்ஜினியர். கையில் இரண்டு வேலை வந்து நிற்கிறது. ஒன்று சிங்கப்பூரில், மாதம் 6,300 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். இன்னொன்று பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியாவின் ஜொகூர் பாருவில், மாதம் 9,000 ரிங்கிட். மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை, நாலு வயதில் ஒரு பெண் குழந்தை, ஊரில் அப்பா அம்மா. எந்த ஊர் குடியிருக்க நல்லது, சிங்கப்பூர் வேலையை எடுத்துக்கொண்டு ஜொகூரில் வீடு பிடித்தால் சம்பளமும் மிச்சம் வாடகையும் மிச்சம்தானே, மனைவி வேலையை இப்போதே விடலாமா என்று கேட்கிறார். பார்த்தால் ஊரைப் பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது. ஆனால் அவர் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு: இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கிற ஒருவருக்கு அந்த இரண்டு ஊரும் பக்கத்துப் பக்கத்து ஊரா, இல்லை இரண்டு நாடா? இது தெளிந்துவிட்டால் மற்றதெல்லாம் வெறும் கூட்டல் கழித்தல்.

என்னைப் பற்றி ஒரு வரி. எனக்குச் சொந்த ஊர் கோட்டையூர். சிங்கப்பூரில் தலைமை அலுவலகமும் ஜொகூரில் ஆலையும் வைத்திருந்த ஒரு கம்பெனியில் சம்பளக் கணக்குப் பிரிவில் பல வருடம் இருந்தேன். இரண்டு பக்கத்துச் சம்பளச் சீட்டும், பாஸ் (வேலை பார்க்க, தங்க அரசு தரும் அனுமதி) விண்ணப்பங்களும், வரிக் கடிதங்களும் என் மேசையைத் தாண்டித்தான் போகும். இப்போது ஊரோடு இருந்துகொண்டு, வெளிநாடு போகிறவர்களுக்குக் கணக்குப் பார்த்துத் தருகிறேன். நான் வக்கீல் இல்லை, குடிநுழைவு அதிகாரியும் இல்லை. ஐ.டி. கம்பெனிகளின் நடைமுறை எனக்குப் பழக்கமில்லை. ஆலை வேலைக்குப் போனவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். இனிச் சொல்வதை அந்த அளவில் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இரண்டு ஊருக்கும் நடுவே உள்ள கடற்பாலம். 1924ல் திறந்தது, ஒரு கிலோமீட்டர்தான் நீளம். நடந்தே போய்விடலாம் போலத் தெரியும். தினமும் மூன்று லட்சம் பேருக்கு மேல் சிங்கப்பூர் பக்கத்து உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியைக் கடக்கிறார்கள். அதில் பெரும்பகுதி ஜொகூரில் வீடு வைத்துக்கொண்டு சிங்கப்பூரில் சம்பாதிக்கிற மலேசியர்கள். இவர்களைப் பார்த்துத்தான் நம்ம பையன்களுக்கு இந்த யோசனையே வருகிறது. மலேசியர் மலேசியாவில் தூங்குவதற்கு யாரையும் கேட்க வேண்டியதில்லை. அது அவர் நாடு. நீங்கள் தூங்க வேண்டுமானால் மலேசியா தருகிற ஒரு பாஸ் கையில் வேண்டும். சிங்கப்பூர் தந்த வேலை பாஸ் சிங்கப்பூருக்குள் மட்டும்தான் செல்லும். ஜொகூரில் ஒரு ராத்திரி கூட அதை வைத்துக்கொண்டு உரிமை கேட்க முடியாது.

'இந்தியர்களுக்குத்தான் மலேசியா விசாவே வேண்டாம் என்கிறதே' என்பீர்கள். உண்மைதான். 2023 டிசம்பர் முதல் அந்தச் சலுகை இருக்கிறது, 2026 கடைசி வரை நீட்டியிருக்கிறார்கள். ஆனால் அது 30 நாள் சுற்றிப்பார்க்க வருகிறவருக்கானது. ஒவ்வொரு முறை நுழையும்போதும் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். தினமும் சாயங்காலம் உள்ளே, விடியற்காலையில் வெளியே என்று போய் வந்தால், கவுன்டரில் உட்கார்ந்திருப்பவர் திரையைப் பார்த்த மாத்திரத்தில் கதை புரிந்துவிடும். வருகையாளராக வந்து குடியிருப்பது விதிக்குப் புறம்பு. இதில் சந்தேகமே இல்லை. என்றைக்கு, எந்த அதிகாரி, எத்தனையாவது முறை தடுத்து நிறுத்துவார் என்பதுதான் நிச்சயமில்லாதது. சிலர் மாதக்கணக்கில் ஓட்டியிருக்கிறார்கள். சிலரைச் சீக்கிரமே ஓரமாக உட்கார வைத்துக் கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். உங்களுக்குக் குழந்தை இருக்கிறது. நீங்கள் பாலத்துக்கு இந்தப் பக்கம் மாட்டிக்கொண்டு, மனைவியும் குழந்தையும் அந்தப் பக்கம் பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிற நிலைமை வர வேண்டாம். அந்த யோசனையை இன்றோடு விட்டுவிடுங்கள்.

சரி, ஏதோ ஒரு வகையில் மலேசியாவில் தங்கும் அனுமதி கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்தப் பயணம் லேசானதில்லை. என்னோடு வேலை பார்த்த மலேசியத் தமிழர்கள் விடியற்காலை நாலு மணிக்கு எழுந்திருப்பார்கள். நாலே முக்காலுக்குள் சுங்கக் கட்டடத்தில் நிற்க வேண்டும், அரை மணி நேரம் பிந்தினால் ஒன்றரை மணி நேரம் போய்விடும் என்பது அவர்கள் கணக்கு. கைரேகை, பேருந்து, மறுபடி இறங்கி மறுபடி கைரேகை, மறுபடி பேருந்து. ஜொகூர் பாரு நிலையமான ஜேபி சென்ட்ரலிலிருந்து உட்லண்ட்ஸுக்கு ஐந்தே நிமிடத்தில் போகிற ரயில் ஒன்று இருக்கிறது; ஆனால் காலை நேர டிக்கெட் கிடைப்பது குதிரைக்கொம்பு. வெள்ளிக்கிழமை சாயங்காலமும் பள்ளி விடுமுறையிலும் பாலம் அப்படியே உறைந்து நிற்கும். முன்பு ஜொகூரில் வெள்ளி, சனி விடுமுறை என்பதால் கூட்டம் கொஞ்சம் பிரிந்தது. 2025 ஜனவரி முதல் அங்கேயும் சனி, ஞாயிறு என்று மாற்றிவிட்டார்கள்.

ஜொகூர் பாருவின் புக்கிட் சாகாரிலிருந்து சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் நார்த்துக்கு நான்கு கிலோமீட்டரில் விரைவு ரயில் வருகிறது. மணிக்கு 10,000 பேரை ஒரு திசையில் ஏற்றிச் செல்லும், 2026 இறுதிக்குள் ஓடும் என்று இரண்டு அரசுகளும் சொல்லியிருக்கின்றன. 2025 ஜனவரி 7ல் ஜொகூர்-சிங்கப்பூர் சிறப்புப் பொருளாதார மண்டல ஒப்பந்தமும் கையெழுத்தானது. ரயில் வந்தால் கூட்டம் குறையும் என்று நம்பலாம். ஆனால் ரயில் உங்கள் பாஸ்போர்ட்டை மாற்றாது. மண்டலத்தால் இந்தியர்கள் ஒரு பக்கம் குடியிருந்து மறுபக்கம் வேலை செய்ய வழி பிறக்கும் என்று யாராவது சொன்னால், எந்த விதி எண் என்று கேளுங்கள். அதை நம்பி இப்போது வீடு பார்க்காதீர்கள். ஆக, வேலை எந்தப் பக்கமோ வீடும் அந்தப் பக்கம்தான்.

இனி சிங்கப்பூர் வேலையைப் பார்ப்போம். நீங்கள் எழுதியதில் ஒரு இடம் என்னை உறுத்தியது. எம்ப்ளாய்மென்ட் பாஸ், அதாவது இ.பி., எடுத்துத் தருவதாகக் கம்பெனி சொன்னது என்கிறீர்கள். 2025 ஜனவரி முதல் இ.பி.க்குக் குறைந்தபட்சச் சம்பளம் 5,600 வெள்ளி. எல்லாரும் இந்த எண்ணைத்தான் பார்க்கிறார்கள். அது 23 வயதுக்காரருக்கானது. வயது ஏற ஏற அந்த வரம்பும் ஏறி, 45 வயதில் 10,700ல் போய் நிற்கிறது. நேர்கோட்டில் கணக்குப் போட்டால் உங்கள் 31 வயதுக்கு 7,400க்கு மேல் வருகிறது. 6,300 போதாது. மனிதவள அமைச்சின் இணையதளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி ஒன்று இருக்கிறது. பிறந்த வருடம், சம்பளம், படிப்பு போட்டால் தேறுமா தேறாதா என்று சொல்லிவிடும். இன்று ராத்திரியே போட்டுப் பாருங்கள்.

வரம்பைத் தாண்டினாலும் 'காம்பஸ்' என்ற மதிப்பெண் முறை இருக்கிறது, 40 புள்ளி எடுக்க வேண்டும். சம்பளம், படிப்பு, கம்பெனியில் உங்கள் நாட்டவர் எத்தனை சதவீதம், உள்ளூர்க்காரர்களுக்கு அந்தக் கம்பெனி எவ்வளவு வேலை தருகிறது என்று பார்ப்பார்கள். பெரிய கம்பெனியின் நிர்வாக, தொழில்நுட்ப ஊழியர்களில் நாலில் ஒருவர் இந்தியர் என்றால் அந்தப் பகுதியில் உங்களுக்குச் சுழியம்தான். நம்ம ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதனால் சுலபமாகக் கிடைக்கும் என்று நினைக்கிறவர்களுக்கு இது தலைகீழாக இருக்கும்.

உங்கள் சம்பளத்துக்குப் பெரும்பாலும் இ.பி.க்கு அடுத்த படியான எஸ் பாஸ்தான் வரும். அதில் குறைச்சல் ஒன்றும் இல்லை, ஆனால் கம்பெனிக்கு ஒதுக்கீடு மீதி இருக்க வேண்டும். உற்பத்தித் துறையில் மொத்த ஆள்பலத்தில் 15 சதவீதம் வரைதான் எஸ் பாஸ். ஒவ்வொரு ஆளுக்கும் கம்பெனி மாதம் 650 வெள்ளி தீர்வை கட்டுகிறது. அதை உங்கள் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்பது சட்டம். குடும்பத்தைக் கூட்டிப்போக டிபென்டன்ட் பாஸ் வேண்டும். அதற்கு மாதம் 6,000 வெள்ளி நிரந்தரச் சம்பளம் இருக்க வேண்டும். இந்த 'நிரந்தர' என்பதில்தான் பலர் வழுக்குகிறார்கள். ஓவர்டைம், மாதத்துக்கு மாதம் மாறுகிற ஷிப்ட் படி, போனஸ் இதெல்லாம் அதில் சேராது. 5,400 அடிப்படை, 900 ஷிப்ட் படி என்று உடைத்து 6,300 காட்டியிருந்தால் நீங்கள் மட்டும்தான் விமானம் ஏறுவீர்கள். ஐ.பி.ஏ., அதாவது பாஸுக்கான முன் ஒப்புதல் கடிதம், வந்ததும் அதில் நிரந்தர மாதச் சம்பளம் என்று தனி வரியாகப் போட்டிருக்கும். முதலில் கண் போக வேண்டிய இடம் அதுதான்.

ஜொகூர் வேலைக்கான பாஸ் சம்பளத்தை வைத்து மூன்று வகையாகப் பிரிகிறது. எத்தனை வருடம், குடும்பத்துக்கு இடம் உண்டா என்பதெல்லாம் வகையைப் பொறுத்தது. அந்தச் சம்பள வரம்புகளை அவ்வப்போது மாற்றுகிறார்கள் என்பதால் நான் இங்கே எண் போடவில்லை. 'என் பாஸ் எந்த வகை, குடும்பப் பாஸ் சேர்த்து விண்ணப்பிப்பீர்களா' என்று கம்பெனியிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சு வேண்டாம்.

இப்போது ஐந்தொகை போடுவோம். சிங்கப்பூரில் வெளிநாட்டவருக்கு சி.பி.எஃப்., அதாவது சேமநிதிப் பிடித்தம் இல்லை. வருடத்துக்கு 75,600 வெள்ளி வருமானம். மனைவி, குழந்தைக்கான கழிவு போனால் வரி சுமார் 2,500 வெள்ளி, மாதம் 210 என்று வைத்துக்கொள்ளுங்கள். உட்லண்ட்ஸ் பக்கம் வீவக, அதாவது அரசு வீடமைப்புக் கழகத்தின் மூவறை வீடு ஒன்று (இரண்டு படுக்கையறையும் ஒரு கூடமும்), 2,500 வெள்ளிக்குக் கீழே எதிர்பார்க்காதீர்கள். 2,600 போடுகிறேன். சாப்பாட்டுச் சாமான் 900, மின்சாரம் தண்ணீர் ஃபோன் 250, பேருந்து ரயில் 200. குழந்தையைப் பாலர் பள்ளியில் விட்டால் வெளிநாட்டவருக்கு அரசு மானியம் கிடையாது, 1,200 ஆகும். மருந்து, துணிமணி, கோயில் குளம் என்று 300. கூட்டினால் வரியோடு 5,660. மிச்சம் 640. அதிலும் வருடம் ஒரு தடவை மூன்று பேர் ஊருக்கு வந்து போகிற டிக்கெட்டைக் கழிக்க வேண்டும்.

வீட்டு விஷயத்தில் இன்னொன்றும் உண்டு. வீவக பிளாக்கில் முழு வீடாக வாடகைக்கு எடுக்கும் வெளிநாட்டவருக்கு ஒதுக்கீடு இருக்கிறது: பேட்டைக்கு, அதாவது சுற்றுவட்டாரத்துக்கு 8 சதவீதம், பிளாக்குக்கு 11. மலேசியர்களுக்கு இது பொருந்தாது, உங்களுக்குப் பொருந்தும். வீடு பிடித்துப்போய், பணம் கொடுக்கிற நேரத்தில் பிளாக்கில் இடம் நிறைந்துவிட்டது என்பார்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன் அதைக் கேளுங்கள்.

சிங்கப்பூர் வரியில் ஒரு பழக்கம் நம்ம ஊரிலிருந்து போகிறவர்களுக்குப் புதிது. மாதாமாதம் சம்பளத்தில் வரி பிடிப்பதில்லை. முழுச் சம்பளமும் கைக்கு வரும், அடுத்த வருடம் மொத்தமாக நோட்டீஸ் வரும். பன்னிரண்டு தவணையாக வங்கியிலிருந்து பிடிக்கச் சொல்லலாம், வட்டி இல்லை. ஆனால் முதல் வருடம் அந்தப் பணத்தை ஊரில் மராமத்துக்கு அனுப்பிவிட்டு, நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து நின்றவர்கள் பலர். வேலையை விட்டு நாடு திரும்பினால் கம்பெனி வரித்துறைக்கு முன்கூட்டியே தெரிவித்து, கணக்கு முடியும்வரை கடைசிச் சம்பளத்தை நிறுத்தி வைக்கும். அது உங்கள் மேல் உள்ள கோபத்தால் இல்லை, சட்டம் அப்படி.

ஜொகூரில் கணக்கு வேறு மாதிரி. 9,000 ரிங்கிட்டில், 2025 அக்டோபர் முதல் வெளிநாட்டு ஊழியருக்கும் சேமநிதி கட்டாயம்: உங்கள் பங்கு 2 சதவீதம், கம்பெனி பங்கு 2 சதவீதம். அது உங்கள் பணம்தான். வரியை மாதாமாதம் பிடிப்பார்கள். வசிப்பாளர் விகிதத்தில் உங்கள் குடும்பத்துக்கு மாதம் சுமார் 640 ரிங்கிட் வரும். கைக்கு எட்டாயிரத்துச் சொச்சம். மூன்று படுக்கையறை வீடு 1,500 முதல் 2,500 வரைக்குள் கிடைக்கும், 1,800 என்போம். வண்டி இல்லாமல் ஜொகூரில் குடும்பம் நடத்துவது கஷ்டம், பழைய கார் ஒன்று வாங்கினால் பெட்ரோல், இன்சூரன்ஸ், டோல் என்று மாதம் 600. சாப்பாடு 1,600, மின்சாரம் இணையம் 400, பாலர் பள்ளி 1,000, மற்றது 500. மிச்சம் 2,200 ரிங்கிட் சொச்சம். ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்குச் சற்று மேல் என்று வைத்தால், அதுவும் 700 வெள்ளிக்குப் பக்கம்தான்.

இதில் வாடகையும் வரி விகிதமும் ஓரளவு உறுதியானவை. சாப்பாடு, பள்ளி, மற்ற செலவெல்லாம் நான் பார்த்த குடும்பங்களை வைத்துப் போட்ட உத்தேசம். உங்கள் கை நீளத்தைப் பொறுத்து முன்னே பின்னே இருக்கும். நாணய மாற்று விகிதம் யார் கையிலும் இல்லை.

மலேசிய வரியில் ஒரு பள்ளம் இருக்கிறது, கவனம். ஒரு காலண்டர் வருடத்தில் 182 நாள் நாட்டில் இருந்தால்தான் வசிப்பாளர். இல்லையென்றால் கழிவு எதுவும் இல்லாமல் தட்டையாக 30 சதவீதம், அதாவது உங்கள் சம்பளத்தில் மாதம் 2,700 ரிங்கிட். ஜூலை முதல் வாரத்துக்குப் பிறகு போய் இறங்கினால் அந்த வருடம் 182 நாள் தேறாது. தப்பிக்க ஒரு வழி உண்டு: அடுத்த வருடம் தொடர்ச்சியாக 182 நாள் அங்கே இருந்து, அது முந்தைய வருடத்தோடு இடைவெளி இல்லாமல் இணைந்தால், முதல் வருடமும் வசிப்பாளராகக் கருதிப் பிடித்த பணத்தைத் திருப்பித் தருவார்கள். ஆனால் அந்தத் தொடர்ச்சியில் சொந்த வேலையாக வெளியே போன நாள் எல்லாம் சேர்த்து 14க்கு மேல் போகக் கூடாது. பொங்கலுக்கு மூன்று வாரம் ஊருக்கு வந்து உட்கார்ந்துவிட்டு, அந்த வருட வரி திரும்பாமல் போனவர்கள் உண்டு. சிங்கப்பூரில் இந்த அளவுக்குக் கெடுபிடி இல்லை. வேலை இரண்டு வருடத்தைத் தொட்டு மொத்தம் 183 நாள் தாண்டினால் இரண்டு வருடத்துக்கும் வசிப்பாளர் விகிதம் கிடைக்கும். ஆகவே ஜொகூர் என்று முடிவானால் சேரும் தேதியை ஜனவரிக்குத் தள்ள முடியுமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஆக, குடும்பத்தோடு போனால் இரண்டு ஊரிலும் மிச்சம் ஏறக்குறைய ஒன்றுதான். தனியாகப் போனால் கதையே வேறு. சிங்கப்பூரில் ஒரு அறை 1,000 வெள்ளி, சாப்பாடு போக்குவரத்து எல்லாம் சேர்த்து இன்னொரு 900. மாதம் 4,000 மிஞ்சும். நம்ம செட்டிநாட்டு ஆட்கள் அந்தக் காலத்தில் இந்தக் கணக்கைத்தான் போட்டார்கள். மூன்று வருடக் கணக்குக்கு ஆள் தனியாகப் போய், சிங்கப்பூர் மார்க்கெட் தெரு கிட்டங்கியில் (கடையும் தங்குமிடமும் ஒன்றான கூடம்) ஒரு பெட்டிக்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்து, அங்கேயே கணக்கெழுதி, குடும்பத்தை ஊரில் வளவு வீட்டில் விட்டுவைத்துச் சம்பாதித்தார்கள். கானாடுகாத்தானிலும் ஆத்தங்குடியிலும் பர்மா தேக்குத் தூண்களைத் தடவிப் பார்த்துப் பெருமைப்படுகிறோம். அந்தத் தூண்களுக்குப் பின்னால் அப்பாவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை பார்த்த பிள்ளைகளும் இருந்தார்கள். நாலு வயசுக் குழந்தையை விட்டுவிட்டுத் தனியாகப் போகச் சொல்ல எனக்கு மனசில்லை. ஆனால் வீட்டுக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால், ஒரு வருடம் என்று நாள் குறித்துக்கொண்டு தனியாகப் போவதில் தப்பில்லை. அதைக் கணவனும் மனைவியும் உட்கார்ந்து பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

மனைவி அங்கே வேலை பார்க்கலாம் என்று எண்ணியிருந்தால், இரண்டு ஊரிலும் கதவு ஏறக்குறைய மூடியதுதான். சிங்கப்பூரில் 2021 மே முதல், டிபென்டன்ட் பாஸில் இருப்பவர் வேலை செய்ய வேண்டுமானால் தனக்கென்று ஒரு வேலை பாஸ் எடுக்க வேண்டும். மலேசியாவிலும் குடும்பப் பாஸை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது. தனியாக ஒரு கம்பெனி அவரை எடுத்தால்தான் உண்டு. இரட்டைச் சம்பளம் என்று எழுதி வைத்திருந்தால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

குழந்தை விஷயத்தில் சிங்கப்பூர் பக்கம் ஒரு கவர்ச்சி இருக்கிறது: அரசுப் பள்ளியிலேயே தமிழைத் தாய்மொழிப் பாடமாகப் படிக்கலாம். ஆனால் ஏழு வயதில் தொடக்கநிலை ஒன்றில் சேரும்போது, குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கொடுத்தது போக மீதி இருந்தால்தான் வெளிநாட்டுப் பிள்ளைக்கு இடம். கட்டணமும் ஆசியான் அல்லாத நாட்டவருக்கு மாதம் 900 வெள்ளிக்கு மேல். இடம் கிடைக்காவிட்டால் சி.பி.எஸ்.இ. பாடம் நடத்தும் இந்தியப் பள்ளிகள் உண்டு, கட்டணம் இன்னும் அதிகம். ஜொகூரில் பெரும்பாலும் பிரிட்டிஷ் பாடத்திட்ட சர்வதேசப் பள்ளிதான் வழி. அங்கே நான்கைந்து வருடம் படித்துவிட்டு நடுவில் காரைக்குடிக்குத் திரும்பினால் பிள்ளை கொஞ்சம் திணறும். பள்ளி விஷயத்தில் என் அனுபவம் குறைவு; என் பிள்ளைகள் ஊரிலேயே படித்தார்கள். அங்கே இப்போது குடியிருக்கும் தாய்மார்கள் சொல்வதை என் பேச்சுக்கு மேலே வையுங்கள்.

அப்பா அம்மாவை நீங்கள் கடைசி வரியில்தான் எழுதியிருந்தீர்கள். எனக்கு அது முதல் வரி. திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேர் விமானம் இருக்கிறது, நாலு மணி நேரச் சொச்சம். ராத்திரி ஃபோன் வந்தால் மறுநாள் தேவகோட்டையில் இருக்கலாம். ஜொகூரிலிருந்து என்றால், கோலாலம்பூர் போக 330 கிலோமீட்டர், அங்கிருந்து திருச்சி. பக்கத்தில் தெரிகிற சாங்கி விமான நிலையத்துக்குப் போகலாமே என்றால், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு சிங்கப்பூர் விசா வேண்டும். ஜொகூரில் குடியேறினால் செல்லுபடியாகிற சிங்கப்பூர் விசா ஒன்றை எப்போதும் கையில் வைத்திருங்கள், அவசரத்துக்கு உதவும். அப்பா அம்மா உங்களிடம் வந்து தங்குவதற்கு ஜொகூர் தோது. விசா இல்லாமல் 30 நாள், விசாலமான வீடு, வாசலில் செடி. முகப்பு, வளவு என்று நடமாடிப் பழகியவர்களுக்கு மூவறை வீட்டுக்குள் ஒரு வாரத்திலேயே மூச்சு முட்டும். சிங்கப்பூரில் பெற்றோரை நீண்ட காலம் வைத்துக்கொள்ளும் பாஸுக்கு மாதம் 12,000 வெள்ளிச் சம்பளம் வேண்டும், அது இப்போதைக்கு உங்களுக்கு எட்டாது. தைப்பூசத்துக்கு ஜொகூரில் மாநில விடுமுறை உண்டு, சிங்கப்பூரில் இல்லை. ஆனால் 1859ல் நம்ம நகரத்தார் கட்டிய டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு லீவு போட்டாவது போய்விடுகிறார்கள்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் சிங்கப்பூரைத்தான் எடுப்பேன். காரணம் இன்றைய மிச்சம் இல்லை, அது இரண்டிலும் ஒன்றுதான் என்று பார்த்தோம். 35 வயதுக்குள் சிங்கப்பூர் ஆலையில் தரக்கட்டுப்பாடு பார்த்த பெயர் இருந்தால் அடுத்த வேலையில் சம்பளம் நன்றாக ஏறும். ஜொகூரில் அந்த ஏற்றம் மெதுவாகத்தான் வரும். நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கும் வாசலும் சிங்கப்பூரில் இருக்கிறது. கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது, விண்ணப்பித்து வருடக்கணக்கில் காத்திருந்தவர்களும் உண்டு. ஆனால் ஒன்று: 7,500 வெள்ளி கேட்டு இ.பி.க்கு முயலச் சொல்லுங்கள். எஸ் பாஸ் என்றால் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை ஒதுக்கீட்டை நம்பி இருக்க வேண்டும், மனசு நிலைகொள்ளாது. 6,300க்கு மேல் தர மாட்டோம், அதிலும் நிரந்தரச் சம்பளம் 6,000க்குக் கீழேதான் என்று கம்பெனி சொல்லிவிட்டால் நான் யோசிக்காமல் ஜொகூரை எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு போவேன். இடையில் ஏஜென்ட் யாராவது லட்சக்கணக்கில் கேட்டால் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். பதிவு பெற்ற இந்திய ஏஜென்ட் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும்தான்.

மனைவி வேலையை இப்போதே விட வேண்டாம். உங்கள் ஐ.பி.ஏ. வந்து, நீங்கள் போய்ச் சேர்ந்து, பாஸ் அட்டை கைக்கு வந்து, பிறகு அவருக்கும் குழந்தைக்கும் டிபென்டன்ட் பாஸ் ஒப்புதல் வரட்டும். ஜொகூர் என்றாலும் குடும்பப் பாஸ் வருகிறவரை இதே வரிசைதான். அதற்கு நடுவில் வீடு பார்க்க உங்களுக்கும் கொஞ்சம் அவகாசம் வேண்டும். பள்ளியில் வருடக் கடைசி வரை இருந்துவிட்டு ஏப்ரலில் விலகினால் அனுபவச் சான்றிதழும் சிக்கலில்லாமல் வாங்கலாம். கையோடு அவருடைய பட்டச் சான்றிதழ்களையும், திருமணப் பதிவுச் சான்றையும், குழந்தையின் பிறப்புச் சான்றையும் எடுத்துப் பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். இனிஷியல் முன்னே ஒன்றில், பின்னே ஒன்றில் இருந்தால் திருத்துவதற்கு இப்போதே எழுதிப் போடுங்கள்.